பக்கத்து வீட்டுக்குப் போகாத மாதா

சிஞ்சிணி, கோவா
15 அக்டோபர் 2022, சனிக்கிழமை

அன்புள்ள வித்தோரினுக்கு,

உன் பெர்பெத் எழுதிக்கொள்வது. நானும் லிசெட்டும் நலம். நீ நலமா என்று கேட்பதற்கே இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போன் செய்தால், ஒன்று கப்பலில் சிக்னல் போய்விடுகிறது, இல்லாவிட்டால் உன் அறைக்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அசோள்ணா ஊர் அலூயிஸ் வெள்ளிக்கிழமை விமானம் ஏறி, ஜெனோவாவில் உன் கப்பலில் சேர்கிறான். நோய்க்காலம் முழுக்க வீட்டில் கிடந்துவிட்டு அவனும் இப்போதுதான் மறுபடி கடலுக்குப் போகிறான். இந்தக் கடிதத்தையும் இறால் ஊறுகாய் ஒரு பாட்டிலையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாயை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டாலும் கொள்வார்கள். கடிதத்தை யார் பிடுங்கப் போகிறார்கள்?

கிணற்றடிச் சுவர் மழையில் சரிந்ததை ஆள் வைத்துக் கட்டிவிட்டேன். லிசெட்டுக்குக் கணக்கில் எழுபத்தொன்று. எண்பது என்று உன்னிடம் சொல்லியிருப்பாள், நம்பாதே. காலையில் ரொட்டிக்காரர் சைக்கிள் மணி அடித்தால் இன்னும் உன் பங்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறேன். மிச்சத்தை நாய்க்குப் போட்டுப் போட்டு அது வாசல் கேட்டில் நுழைய முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிற்றாலயக் குழு கூடிப் பேசி, சாய்பின் மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும் வீட்டுச் சுற்றை நாளை ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டது. ஜெபமாலை மாதம், நோயும் அடங்கிவிட்டது, இதற்கு மேல் என்ன காரணம் சொல்லித் தள்ளிப் போடுவது என்கிறார் குழுத் தலைவர் இநாஸ். எங்கே நின்றதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமாம். நின்றது நம் வீட்டில். போக வேண்டியது அடுத்த வீடு, காய்தான் அண்ணன் வீடு. வைத்திருந்த வீட்டுக்காரிதான் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் இறக்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்த வழக்கம்தான். முப்பது அடி தூரம்கூட இருக்காது.

அந்த முப்பது அடியை நினைத்து ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை, வித்தோரின்.

2020 மார்ச் இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் மாதா நம் வீட்டுக்கு வந்தாள். நீ அப்போது கப்பலில். கனகாம்பர மாலை போட்டு, கடலை அவித்துக் கொடுத்து, எல்லோரும் கலைந்து போனார்கள். ஒரு நாள் விருந்தாளி, மறுநாள் அடுத்த வீடு. ஆனால் மறுநாள் ஊரடங்கு. அதற்கடுத்த நாளும் ஊரடங்கு. வாடோ முழுக்க, நம் தெருவில் ஒரு வீடு விடாமல், பெர்பெத்துக்கு அடித்தது யோகம், மாதா அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்று பேசினார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் நானும் லிசெட்டும் ஜெபமாலை சொல்லுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் காய்தான் அண்ணன் மனைவி ரெமேதியா அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பாதி சொன்னதும் மீதிப் பாதியை உரக்கச் சொல்லுவாள். அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே, வாடோ கோடி வரைக்கும் கேட்கும். "உன் மகளுக்குத் தொண்டைக்குள்ள என்னடி, புளியங்கொட்டையா?" என்று நடுவில் திட்டும் விழும்.

மே மாதம் நீ அழுதுகொண்டே போன் செய்தாய். உங்கள் கப்பலை எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளவில்லை, ரொட்டி சுடும் பெனாவ்லிக்காரர் செத்துப்போனார், உன் பக்கத்து அறையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றாய். போனை வைத்துவிட்டு நேராக மாதா முன்னால் போய் நின்றேன். முழந்தாளிடவில்லை, நின்றேன். சந்தையில் மீன்காரியிடம் பேசுவதுபோலப் பேசினேன். "அவன் இந்தப் படி ஏறுற வரைக்கும் நீ இந்தப் படி இறங்கக் கூடாது. அவனைக் கொண்டு வந்து விட்டுட்டு நீ எங்க வேணும்னாலும் போ" என்றேன். இதை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை.

ஜூன் இருபத்துநாலு, சான் ஜுவான் திருநாள். அந்த வருடம் ஒருவரும் கிணற்றில் குதிக்கவில்லை, தலையில் பூமுடி வைக்கவில்லை. ரெமேதியா அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுக் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. அந்தக் காலோடு சுவர் வரைக்கும் வந்தாள். "ஏடி பெர்பெத், ஒரு மணி நேரம் மாதாவ எனக்குக் குடு. சுவருக்கு மேலேயே நீட்டு. தொடக்கூட மாட்டேன், பாத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்" என்றாள். போலீஸ் பிடிக்கும் என்றேன். குழு அனுமதி என்றேன். தொற்று என்றேன். எனக்குக் கிடைத்த சாக்கெல்லாம் சொன்னேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "சரி விடு, அவளுக்கும் ஊரடங்குபோல" என்று சிரித்தாள். லிசெட் என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு மணி நேரம்தானேம்மா" என்றாள். வாயை மூடு என்றேன்.

ஐந்தாம் நாள் ரெமேதியா அக்கா ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அடக்கத்துக்கு ஐந்து பேரைத்தான் விட்டார்கள். நான் மழையில் நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கடுத்த வாரம் நீ வந்து இறங்கினாய், சுகமாக, ஒரு தும்மல்கூட இல்லாமல். உன்னைப் பார்த்து நான் அழுத அழுகையை நீ சந்தோஷம் என்று நினைத்தாய். பாதி சந்தோஷம்தான்.

நீ வந்த பிறகாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். காய்தான் அண்ணன் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லை. குழு சொல்லட்டும், அலை ஓயட்டும் என்று நாள் தள்ளினேன். இரண்டரை வருடம் ஓடிவிட்டது.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் புதுப் பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயது, நல்ல மனிதர். "அது மரச் சுரூபம்மா. மாதாவ உங்க வீட்டுல பூட்டி வைக்க முடியுமா? அவங்க ரெமேதியா பக்கத்துலயும்தான் இருந்திருப்பாங்க. மனச அலட்டிக்காதீங்க" என்றார். பரிகாரம் மூன்று அருள் நிறைந்த மரியே. மூன்று! லிசெட்டை அறைந்ததற்குப் பழைய சாமியார் ஐந்து கொடுத்தார்.

கோயிலில் இருந்து நடந்து வரும்போது யோசித்தேன். மாதா என் வீட்டில் அடைபட்டு இருக்கவில்லை என்றால், உன்னைக் கொண்டுவந்து சேர்த்தது யார்? சும்மா நடந்ததா? பெனாவ்லிக்காரரின் மனைவியும்தானே ஜெபமாலை சொல்லியிருப்பாள்? இல்லை, உண்மையிலேயே மாதாதான் என் வீட்டில் இருந்து உன்னைக் காப்பாற்றினாள் என்றால், ரெமேதியாவுக்குப் போக வேண்டியதை நான் பிடுங்கிக்கொண்டேன். அப்படிப் பார்த்தாலும் போச்சு, இப்படிப் பார்த்தாலும் போச்சு. நம்பினால் நான் திருடி. நம்பாவிட்டால் நீ கடலில் இருக்கும்போது நான் யாரிடம் போய் நிற்பது?

செப்டம்பரில் நீ புறப்பட்டபோது நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடியது நினைவிருக்கிறதா? அடுப்பில் பாலே இல்லை. எப்போதும்போல உன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பக் கை வரவில்லை, அதுதான். மறுபடி கப்பலுக்குப் போகிறாயே என்று நான் கோபித்துக்கொண்டதாக நினைத்தாய். அன்றைக்கு இருந்து உனக்காக ஒரு ஜெபம் சொல்ல முடியவில்லை. உன் பெயர் வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

நாளைக்கு அவளைத் தூக்க வேண்டும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

18 அக்டோபர், செவ்வாய்

தூக்கினேன். கைக்குழந்தை கனம்தான், ஆனாலும் நம் கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை கை மாற்றிப் பிடித்தேன். பின்னால் அறுபது பேர் மெழுகுவர்த்தியும் பாட்டுமாக வருகிறார்கள், இவ்வளவு நாள் வெளியே தலை காட்டாத கிழடு கட்டையெல்லாம் வந்திருந்தது. மாதா பக்கத்தில் கிருமிநாசினி பாட்டில் வைத்து, யாரும் முத்தமிடக் கூடாது என்று இநாஸ் கண்டிப்பாகச் சொன்னார். சொன்ன கையோடு அவரே குனிந்து முத்தமிட்டார்.

காய்தான் அண்ணன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கடலையையும் தானே அவித்திருக்கிறார். பல் உடையாமல் தப்பித்தது மாதா புண்ணியம். ஆனால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லோரும் அழகாகக் கடித்துத் தின்றார்கள். பெனி, நம் முந்திரிச் சாராயம், மட்டும் தாராளமாக ஓடியது.

ஜெபமாலை முடிந்ததும் அவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ ஆரம்பித்துவிட்டார். "அந்தப் பொண்ணு பெர்பெத்த ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ரெமேதியா கேட்டப்ப போலீஸுக்குப் பயந்து குடுக்கல. யாரா இருந்தாலும் பயம்தான். ரெண்டரை வருஷம் ஒரு நாள் விடாம விளக்குப் போட்டாளே, அதச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பேசாமல் வந்திருக்கலாம். வீடு வந்தபிறகு லிசெட்கூட, "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்மா" என்றாள். ஆனால் அந்தப் புகழ்ச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வர என்னால் முடியவில்லை. எல்லோரும் போன பிறகு தட்டுக் கழுவ இருக்கிறேன் என்று நின்றேன். போலீஸுக்குப் பயந்து அல்ல அண்ணா, என் புருஷனுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

அடிப்பார், திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். "அப்ப, பலிச்சுதா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"வித்தோரின் வந்துட்டானே. அப்ப அது பலிச்சுதுன்னுதானே அர்த்தம்? அன்னைக்கு ஒரு மணி நேரம் இங்க வந்திருந்தா என்னோடது பலிச்சிருக்குமா?" என்றார். குத்திக்காட்டவில்லை, வித்தோரின். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் கேட்பதுபோல, நான் பதில் சொல்வேன் என்று நம்பிக் கேட்டார். தெரியாது அண்ணா என்றேன். சாமியார் சொன்னதைச் சொன்னேன், மரச் சுரூபம் என்றேன். "மரம்னா நீ ஏன் குடுக்கல?" என்றார்.

அந்த மனிதர் இரண்டரை வருடமாக அழுது, கல்லறைக்குப் பூ வைத்து, எல்லாம் கடவுள் சித்தம் என்று ஒருவழியாகத் தேறி இருந்தார். நான் என் பாரத்தை இறக்குகிறேன் என்று போய் அவர் தலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இறக்கியும் எனக்கு ஒரு குன்றிமணி அளவுகூடக் கனம் குறையவில்லை.

நேற்று சாயங்காலம் மாதா அடுத்த வீட்டுக்கு, அதாவது இநாஸ் வீட்டுக்கே, போயிருக்க வேண்டும். ஊர்வலத்துக்கு எல்லோரும் மெழுகுவர்த்தியோடு வந்து நிற்கிறார்கள், காய்தான் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "இன்னைக்கு அவ வரல, போங்க" என்றார். உடம்பு சரியில்லையோ என்று கேட்டதற்கு, "எனக்கு நல்லா இருக்கு. அவ இங்க இருப்பா" என்று ஜன்னலையும் சாத்திவிட்டார். இநாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. மனைவி இரண்டு படி கடலை ஊறப் போட்டுவிட்டாள் என்று கத்தினார்.

20 அக்டோபர், வியாழன்

இன்றோடு நான்கு நாள். மாதா இன்னும் காய்தான் அண்ணன் வீட்டில்தான். இநாஸ் வீட்டுக் கடலை முளை விட்டுவிட்டதாம், பன்றிக்குப் போட்டார்கள். சாமியார் வந்து கதவைத் தட்டிப் பேசிப் பார்த்தார். அண்ணன் அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார், மாதாவை மட்டும் கொடுக்கவில்லை. குழுவில் நேற்று இதே பேச்சு. வயதாகிவிட்டது, தனிமை, மூளை பிசகிவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, உன் பேச்சைத்தான் கேட்பார், நீ போய்ச் சொல்லு என்கிறார்கள். வாடோவில் காரணம் தெரிந்தது எனக்கும் லிசெட்டுக்கும் மட்டும்தான். நான் எந்த வாயை வைத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லுவது?

இருந்தாலும் இன்று சாயங்காலம் போனேன். எனக்குக் கதவைத் திறந்தார். மாதா பீடத்தில் இல்லை. ரெமேதியா அக்கா படுத்த கட்டிலுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் வைத்திருக்கிறார். கட்டிலில் விரிப்பு, தலையணை எல்லாம் அப்படியே இருக்கின்றன. "உன் வீட்டுல ரெண்டரை வருஷம் இருந்தா. என் வீட்டுல நாலு நாள் இருந்தா குறைஞ்சா போயிடுவா? உட்காந்து பாக்கட்டும். அவ வராத வீடு எப்படி இருக்கும்னு பாக்கட்டும்" என்றார். எவ்வளவு நாள் அண்ணா என்று கேட்டேன். "அவ ஏதாவது சொல்ற வரைக்கும்" என்றார்.

தப்பு என்னுடையது அண்ணா, அவளை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று அழுதேன். "நீ ஒரு பொம்பள, புருஷனுக்குப் பயந்த, பிடிச்சு வச்சுக்கிட்ட. உன்ன நான் என்ன சொல்றது? அவ யாரு? அவளுக்குக் காலில்லையா, எறங்கி வரத் தெரியாதா? ரெமேதியா கூப்பிட்டது அவளுக்குக் கேக்கலியா?" என்று அவரும் அழுதார். நாங்கள் இரண்டு பேரும் கிறிஸ்தவர்களா என்ன என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த மாதா ஒன்றும் பேசவில்லை. அவள் மகனும் சிலுவையில் தொங்கியபோது இப்படித்தானே கேட்டான், ஏன் என்னைக் கைவிட்டாய் என்று. அவனுக்கும் யாரும் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. இது ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் இதுதான் தோன்றியது.

கிளம்பலாம் என்று எழுந்தேன். "இரு, ஜெபமாலை சொல்லிட்டுப் போ" என்றார். வேண்டாம் அண்ணா, எனக்கு வருவதில்லை என்றேன். "எனக்கும்தான் வரல. வந்தாத்தான் சொல்லணும்னு யாரு சொன்னா?" என்று அதட்டி உட்கார வைத்தார். வீட்டுக்காரர் முதலில் யாருக்காக என்று சொல்ல வேண்டுமே, ரெமேதியா பெயரைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். "கப்பல்ல இருக்கிற வித்தோரினுக்காக" என்றார். ஆசையாகச் சொல்லவில்லை, வித்தோரின். மாதாவைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டளை போடுவதுபோலச் சொன்னார். "அவனையாவது ஒழுங்கா கொண்டு வந்து சேத்துடு, அப்புறம் நம்ம கணக்கப் பேசிக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். ஜெபமாலையின் ஐந்து பத்துமணியையும் உனக்காகவே சொன்னார். நான் கூடச் சொன்னேனா, வாயை மட்டும் அசைத்தேனா என்று எனக்கே தெரியாது.

அலூயிஸ் நாளை காலை வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போவான், அதனால் முடிக்கிறேன். குழுவுக்கு என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. மாதா எப்போது அந்த வீட்டை விட்டு இறங்குவாள் என்று தெரியவில்லை. இடுப்புக்குத் தைலம் போட மறக்காதே. மேல்தட்டில் அலை அடிக்கும்போது நின்று வேடிக்கை பார்க்காதே. இருமல், காய்ச்சல் என்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்.

முன்பு கடிதத்தில், இப்போது போன் செய்தியில், கடைசியில் மாதா உன்னைக் காக்கட்டும் என்று எழுதுவேன், இருபது வருடமாக அப்படித்தான் எழுதி வந்தேன். இந்த முறை அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்க என்னிடம் அவள் இல்லை. பிடித்து வைக்கவும் மாட்டேன். பக்கத்து வீட்டில் ஒருவர் உனக்காகக் கேட்கிறார், கேட்கக் கடமையே இல்லாத ஒருவர். எனக்கு அந்த வாயும் இல்லை. ஆகையால் உன்னிடமே கேட்கிறேன், வித்தோரின். வந்துவிடு.

உன்,
பெர்பெத்